எங்கள் தெரு சொன்ன பொய்

1

சென்ற வாரம் ஒரு பிற்பகலில் எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அயர்லாந்தில், டப்ளினுக்கு ரயிலில் போய்வரக்கூடிய ஒரு சிற்றூரில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகாத ஊர். திரைச்சீலையைச் சற்றே விலக்கிப் பார்த்தேன். ஓர் இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு.

தொலைக்காட்சியை நிறுத்தினேன். அழத் தயாராக இருந்த சின்னவன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தேன். ஏழு வயது மகள் ஜோவிட்டாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏம்மா ஹைட் பண்றோம்?" என்றாள் அவள்.

"ஷ்" என்றேன்.

"நாம என்ன தப்புப் பண்ணினோம்?"

ஒரு தப்பும் பண்ணவில்லை. இந்த ஊரில் எங்களுக்கு ஒரு பைசா பாக்கி கிடையாது. மின்சாரம், குப்பை, இணையம் எல்லாவற்றுக்கும் மாதம் பிறந்ததும் கணக்கிலிருந்து தானாகவே பணம் போய்விடுகிறது. வந்தவர் எதையாவது விற்க வந்திருக்கலாம், தர்மத்துக்குக் கேட்க வந்திருக்கலாம். ஆனாலும் அவர் இரண்டாம் முறை தட்டிவிட்டுப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். காரைக்குடியில் இருக்கும் ஒரு வீட்டின் பயத்தை இங்கே நின்று பட்டுக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டின் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

2

என் அண்ணன் அமல், புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து தவிடும் உமியும் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுபவன். ஒரு லாரி இருந்தவரை நன்றாகத்தான் இருந்தான். இரண்டாவது லாரி வாங்குவதற்காக, செக்காலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் அடமானம் வைத்தான். வீடு அம்மா பேரிலும் அவன் பேரிலும் இருக்கிறது. அப்பா பணி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டுக் கட்டியது. கூடத்துக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்தார். மற்ற அறைகளுக்குள் கால் வைப்பதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. அங்கெல்லாம் வெறும் சிமென்ட் தரை. அடுத்த வருடம் போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்து அப்பா போய்விட்டார்.

இரண்டாவது லாரி திருமயம் அருகே ஒரு மழை நாளில் கவிழ்ந்தது. ஓட்டுநர் பிழைத்தார். அவருடைய உரிமம் புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லிக் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். ஒரு லாரியின் வருமானத்தில் இரண்டு லாரியின் தவணையைக் கட்ட முடியாமல் அண்ணன் தள்ளிப்போட ஆரம்பித்தான். கெடுவுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டைச் சுவாதீனம் எடுப்போம் என்று நோட்டீஸ் வந்தது.

இதை அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. மதினிதான் சொன்னார், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக. அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியிருந்தார். வாளி நிறைந்து வழியும் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்.

"ரெஜி, வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கு. ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்கண்ணன் சத்தியம் வாங்கியிருக்காக. சொல்லிட்டேன். மாதா என்னை மன்னிக்கட்டும். அத்தை சரியாச் சாப்பிடுறதில்ல."

அம்மா மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். எங்களுக்குக் கடன் இருப்பதாக அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. "கடன் இருக்குன்னு தெரிஞ்சா, காப்பி குடுக்கிறவன்கூட டம்ளர எண்ணி வைப்பான்" என்பாள். அதனால் நிதி நிறுவனத்து வசூல்காரர்கள் வாசலில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி போனில் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்திய நாட்களில்கூட, பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டால், லாரி வாடகை பேச வந்தவர்கள் என்று சொல்வாளாம்.

3

காரைக்குடியில் ஓர் அரசு வங்கியின் கிளை மேலாளர் வழி சொன்னார். நிலுவையில் உள்ள தவணைகளை முதலில் கட்டிக் கணக்கை ஒழுங்குபடுத்திவிட வேண்டும். பிறகு வெளிநாட்டில் சம்பளம் வாங்கும் நானும் அண்ணனோடு சேர்ந்து கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால், அவர்கள் பழைய கடனைத் தங்கள் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். வட்டி குறையும், வருடங்கள் கூடும், தவணை ஒரு லாரி தாங்கும் அளவுக்கு வந்துவிடும். கேட்க எளிதாக இருந்தது.

நிலுவையைக் கட்ட எங்களிடம் இருந்தது ஒரே பணம்தான். நாங்கள் இங்கே ஒரு வீடு வாங்குவதற்காகச் சேர்த்தது. என் கணவர் ஆன்றனி மருத்துவமனையில் செவிலியர். வேலை முடிந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"செய்யணும்னா செய். நான் வேணாம்னு சொல்லல" என்றார்.

"நீங்க சரின்னும் சொல்லலையே."

"ரெஜி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா வீடு பாக்கப் போறோம்ல. இனிமே போக வேணாம். அம்புட்டுதான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எழுந்து போய்ச் சின்னவனுக்குப் பால் கலக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை நான் செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் பணத்தை எடுத்து அம்மாவின் வீட்டுக்குப் போட்டேனா? போடாமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகளை எந்த முகத்தோடு விடுமுறைக்கு அங்கே கூட்டிப்போவேன்? இரண்டு கேள்விக்கும் விடை இல்லாமலே பணத்தை அனுப்பினேன்.

அடுத்தது, எனக்குப் பதிலாகப் பத்திரங்களில் மதினி கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். டப்ளினில் நம் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு ரயிலேறினேன். முதல் முறை புகைப்பட அளவு தவறு. இரண்டாம் முறை சாட்சிகளில் ஒருவர் தன் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் முறை என் பெயரே வம்புக்கு வந்தது. ஆதாரில் நான் ரா. ரெஜினா. கடவுச்சீட்டில் ரெஜினா ஆன்றனி. பழைய சான்றிதழில் ராயப்பன் மகள் ரெஜினா மேரி. மூவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி எழுதித்தரச் சொன்னார்கள். சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது ஜோவிட்டா எட்டிப் பார்த்தாள்.

"இதுல எது நீ?"

"எல்லாமே நான்தான்."

"ஒண்ணு போதாதா?" என்றாள்.  

4

எல்லாத் தாள்களும் போய்ச் சேர்ந்து, இனிக் கடன் வந்துவிடும் என்று காத்திருந்தபோது, ஒரு விடியற்காலையில் மேலாளர் அழைத்தார். அங்கே வங்கி திறந்துவிட்ட நேரம்.

"மேடம், உங்க ஃபைல் நிக்குது. வீட்டுச் சரிபார்ப்பு நெகட்டிவா வந்திருக்கு."

கடன் கொடுக்கும் முன் விண்ணப்பித்தவர் அந்த முகவரியில்தான் இருக்கிறாரா என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்புவார்களாம். முன்னதாகச் சொல்ல மாட்டார்களாம். போய்வந்தவர் எழுதிக் கொடுத்ததை மேலாளர் வாசித்தார். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், அமல் காலிசெய்துகொண்டு போய் ஆறு மாதம் ஆகிறது என்றார். எதிர்வீட்டுப் பெண்மணி, வீட்டை விற்றுவிட்டு மதுரைக்குப் போய்விட்டார்கள் என்றார். வீட்டிலேயே இருந்த வயதான அம்மாள், தான் அங்கே வாடகைக்கு இருப்பதாகவும், அமல் என்று யாரையும் தெரியாது என்றும் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

"வித்துட்டுப் போன வீட்டுக்கு நாங்க எப்படி மேடம் கடன் குடுக்கிறது?"

நான் அம்மாவை அழைத்தேன்.

"ஏம்மா, போன வாரம் யாராச்சும் வீட்டுக்கு வந்தாகளா?"

"யாரு வருவா? ஒரு பய வந்தான். கையில ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, கழுத்துல அட்டை. அமல் இருக்காரான்னான். அப்புடி யாரும் இல்ல, நான் வாடகைக்கு இருக்கிறவன்னு சொல்லிச் சாத்திட்டேன்." குரலில் ஒரு பெருமை இருந்தது.

"வாடகைக்கா?"

"பின்ன? வீட்டுக்காரின்னு சொன்னா வாசல்லயே ஒக்காந்துக்குவான்ல."

"அம்மா, அவரு அந்தக் கம்பெனி ஆளு இல்ல. நமக்குப் புதுசாக் கடன் குடுக்கப் போற பேங்குலேர்ந்து வந்தவரு."

எதிர்முனையில் குக்கர் ஒரு முறை கூவி அடங்கியது.

"கடன் குடுக்க வர்றவன், குடுத்த கடனக் கேக்க வர்றவன் மாதிரியேவாடி வருவான்? ஒரே பை, ஒரே அட்டை, ஒரே செருப்பு. நான் என்னத்தக் கண்டேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வங்கி அனுப்பிய நீண்ட செய்தியை நான்தான் அண்ணனுக்கு அப்படியே தள்ளிவிட்டிருந்தேன். அதில் சரிபார்ப்பு என்று ஒரு சொல் இருந்தது. கூப்பிட்டு விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"நீ மட்டும் இல்லம்மா. மைமூன் அக்கா, வித்துட்டு மதுரைக்குப் போயிட்டாகன்னு சொல்லியிருக்காக. இஸ்திரிக்கார அண்ணே, காலி பண்ணி ஆறு மாசம்னு சொல்லியிருக்காரு."

 அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"மைமூனுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள். "அப்ப தெருவுக்கே தெரியும்."

5

மதினி மைமூன் அக்காவிடம் சொல்லியிருந்தார். எதிர்வீட்டில் தையல் போடும் அவருக்கு மதினி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பார். அங்கே இருந்து விஷயம் இஸ்திரி வண்டிக்குப் போயிருந்தது. கையில் பையோடு யார் வந்து அமலைக் கேட்டாலும் ஊரில் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்பது தெருவின் ஏற்பாடு. மாதக்கணக்கில் அப்படியே சொல்லி வசூல்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அம்மாவும் அவர்களிடம் மூச்சுவிடவில்லை.

மேலாளரிடம் மன்றாடினேன். "இன்னொரு தடவை ஆள் அனுப்புறேன் மேடம். அதுலயும் இப்படி வந்தா ஃபைலை மூடிடுவேன், என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் அனுப்பிய பணத்தில் பழைய நிறுவனத்துக்கு இன்னும் ஒரு தவணை கட்டத்தான் மிச்சம் இருந்தது. அதற்குள் கடன் மாறாவிட்டால் மறுபடி நோட்டீஸ். அடுத்த முறை கட்ட என்னிடமும் ஒன்றும் இல்லை. வீடு போய்விடும்.

"தெருவுல எல்லாரும் உண்மையச் சொல்லணும்மா" என்றேன்.

"அதுக்கு நான் போய்ச் சொல்லணுமா?"

"மதினியப் போகச் சொல்லவா?"

"அவ சொன்னதே போதும். நான் போறேன்."

எங்கள் பக்கம் ஒரு விசேஷத்துக்கு அழைக்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். அம்மாவுக்கு வேறு விதமாக ஒரு வீட்டுப் படி ஏறத் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து சீப்புச்சீடை சுட்டாள். கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டினாள். சீடையும் வெற்றிலைபாக்கும் வைத்த எவர்சில்வர் தட்டோடு இறங்கினாள். மதினி கூடவே போய், எனக்கு வீடியோவில் காட்டினார். திரையில் பாதி நேரம் மதினியின் முந்தானைதான் தெரிந்தது.

"வாங்க டீச்சரக்கா" என்று மைமூன் அக்கா தையல் மெஷினைவிட்டு எழுந்தார். "பட்டெல்லாம் கட்டியிருக்கீக. என்ன விசேஷம்? பேத்திக்குப் புதுநன்மையா?"

"விசேஷந்தான். வர்ற வாரம் பேங்குலேர்ந்து ஒருத்தர் வாராரு. ஒன்கிட்டக் கேட்டா நீ உண்மையச் சொல்லணும். கட்டாயம் சொல்லணும்."

"எந்த உண்மையக்கா?"

அம்மா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வீட்ட அடமானம் வச்சிருக்கோம். தவணை கட்ட முடியல. கடன வேற பேங்குக்கு மாத்தப் போறோம். ரெஜி கையெழுத்துப் போடுறா."

எங்களுக்குக் கடன் என்று அம்மா வெளியாள் ஒருவரிடம் சொல்லி முதல் முறையாகக் கேட்டேன். நான் இருந்தது அலுவலகத்தின் உணவு அறை. பக்கத்தில் ஒருவர் ரொட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

மைமூன் அக்கா தட்டை வாங்கிக்கொண்டார். "இத நான் இன்னைக்குத்தான் கேக்குறேன்னு நெனைக்கிறீகளா? அந்தத் தடியன் ஒங்க வாசல்ல நின்னு கத்துனான்ல, அன்னைக்கு நீங்க உள்ள செபமாலை சொல்லிக்கிட்டிருந்தீக. அவன் சத்தம் ஏற ஏற ஒங்க சத்தமும் ஏறுச்சு. இங்குட்டு எனக்கு ரெண்டும் கேட்டுச்சு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனோம், இனிமே ஒருத்தனையும் அந்த வாசலுக்கு விடக் கூடாதுன்னு."

"அதுக்காக மதுரைக்கு அனுப்பிருவியா எங்கள?"

"எங்க வீட்டுக்காரருக்குச் சவுதியில சம்பளம் வராமக் கெடந்தப்ப, மளிகைக் கடைக்காரர் வந்து கேட்டாரு. 'மைமூன் ஊருக்குப் போயிருக்கா'ன்னு சொன்னது யாரு? நான் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். டீச்சரே பொய் சொல்றாகன்னு அன்னைக்குச் சிரிச்சேன். அப்புறம் அழுதேன்."

 மைமூன் அக்கா தட்டைக் காலியாகத் திருப்பித் தராமல் இரண்டு மலைப்பழம் வைத்துக் கொடுத்தார்.

தெருமுனையில் இஸ்திரிக்காரருக்கு ஒரு மனக்குறை இருந்தது. "எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு ஒண்ணாச் சொல்லியிருக்கணும் டீச்சர். நான் ஆறு மாசங்குறேன், மைமூனக்கா மதுரைங்குது, நீங்க வாடகைங்குறீக. அவன் என்னத்தத்தான் எழுதுவான், பாவம்."

"இந்த மொற எல்லாரும் ஒண்ணத்தான் சொல்லப் போறோம்" என்றாள் அம்மா. "சீடைய எடுத்துக்கங்க."

அதே இளைஞர்தான் மறுபடி வந்தார். இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டு நடுத்தெருவுக்கு வந்து வண்டியை மறித்தாராம்.

"தம்பி, அமல் வீடுதான? வாங்க, நானே காட்டுறேன்."

"நீங்கதானே காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்க?"

"திரும்பி வந்துட்டாக" என்றிருக்கிறார் அவர், வாய் தவறி. உண்மை சொல்லப் பழக அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். "போன தடவ வந்தப்ப வாடகைன்னு சொன்னேன் தம்பி. பொய். இது எங்க வீட்டுக்காரரு கட்டுன வீடு. கடன் இருக்கு. என் மகன் கடன்தான். உள்ள வாங்க, மொதல்ல சீடை சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினாள். அவர் ஆத்தங்குடிக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, அமல் என்பவர் இங்கேதான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை நான் ஆன்றனியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜோவிட்டா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இங்கே அவர்கள் பள்ளியில், முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும், அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். என்ன பாவம் சொல்வது என்று அவள் சில நாட்களாகவே கவலையில் இருந்தாள்.

"அந்த ஸ்ட்ரீட்ல எல்லாருமே பொய் சொன்னாங்களா?"

"ஆமா."

"அம்மாச்சியுமா?"

"ஆமா."

"அப்ப எல்லாரும் சாமியார்கிட்டச் சொல்லணுமா? மைமூன் ஆன்ட்டி யார்கிட்டச் சொல்லுவாங்க?"

ஆன்றனி என்னைப் பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

6

அதோடு முடிந்துவிடவில்லை. கடன்தாரர்களில் நானும் ஒருத்தி. என் முகவரியையும் சரிபார்க்க வேண்டுமாம். இத்தனை தூரம் ஆளை அனுப்ப முடியாதாகையால், என்னை அறிந்த, உறவினர் அல்லாத இருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒருவர் உடன் வேலை செய்பவர். இன்னொருவர் அதே தெருவில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒருவர் அப்போதே போட்டுக் கொடுத்தார். தெருவில் யாரிடம் போவது? சன்னலருகே நின்று வீடுகளைப் பார்த்தேன். எந்த வீட்டில் எந்தக் கார் நிற்கும், எந்த நாய் குரைக்கும் என்று தெரியும். ஒரு பெயர் தெரியாது. இத்தனை வருடம் இங்கே இருந்து, காலையில் கையசைத்தும், வானிலையைப் பற்றி ஒரு வரி பேசியும் காலத்தை ஓட்டியிருக்கிறேன். அங்கே என் அம்மாவுக்காகப் பொய் சொல்ல ஒரு தெரு இருந்தது. இங்கே நான் இருக்கிறேன் என்ற உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை.

எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். மூன்று நாள் தயங்கிவிட்டுத் தாளோடு போனேன். கதவைத் திறந்ததும் தாளைத்தான் முதலில் பார்த்தார். அவர் முகம் இறுகியது. நான் அவசர அவசரமாக விளக்கினேன். என் நாட்டில் என் அம்மாவின் வீடு, கடன், எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்ற பயம். ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது யாரோ ஒருவருடைய கதை போல இருந்தது.

"உள்ளே வா" என்றார். பெயர் நோரா. பேனாவைத் தேடிக்கொண்டே பேசினார். சில வருடங்களுக்கு முன் இந்த நாட்டிலும் பலருடைய வீடு அப்படிப் போனது என்றார். "என் மகனுடையதும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்."  எத்தனை நாளாக உன்னைத் தெரியும் என்று எழுதுவது என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "நீ வந்த அன்று உன் சின்னவன் பிறந்திருக்கவில்லை. பெரியவள் தள்ளுவண்டியில் இருந்தாள். மழை பெய்தது, மெத்தை நனைந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, நாங்கள் குடிவந்த வருடத்தைச் சரியாக எழுதினார்.

கடன் மாறியது. பழைய நிறுவனம் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது. புது வங்கி அதை வாங்கி வைத்துக்கொண்டது. வீடு அம்மாவிடமே இருக்கிறது. தவணையை அண்ணன் கட்டுகிறான், இரண்டு மாதங்கள் முழுமையாக, ஒரு மாதம் பாதி. மீதிப் பாதியை நான் கட்டினேன். ஜோவிட்டா கல்லூரி முடிக்கும்போதுதான் இந்தக் கடன் முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடு பார்க்கப் போவதில்லை. பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, வாரத்துக்கான குழம்பை வைக்கிறேன்.

7

கோப்போடு ஒருவர் வந்து நாங்கள் ஒளிந்த மறுநாள் காலை, குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனேன். நோராவும் உருட்டிக்கொண்டு வந்தார்.

"நேற்று ஒருவன் வந்தான். உன்னைப் பற்றி என்னிடம் கேட்டான்" என்றார்.

"என்ன சொன்னீர்கள்?"

"நீங்கள் இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்கள், வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டேன்."

"எதற்கு வந்தானாம்?"

"கேட்கவில்லை. கோப்பு வைத்திருந்தானே" என்று சொல்லிவிட்டுத் தொட்டியை நேராக வைத்தார்.

அன்றைக்கு அம்மாவை அழைத்தபோது இதைச் சொன்னேன். நெகிழ்வாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்டாகளே, அவுகளா?" என்றாள். "அன்னைக்கு அவுகளுக்கு என்ன கொண்டு போன?"

"ஒண்ணும் இல்லம்மா. தாளத்தான் கொண்டு போனேன்."

"வெறுங்கையோடயா? ஏண்டி, ஒரு பெரிய மனுஷி வீட்டுக்கு வெறுந்தாளத் தூக்கிக்கிட்டாப் போன? அப்புறமாச்சும் போனியா?"

"வேலைம்மா. பிள்ளைகள வேற…"

"ஒனக்காகப் பொய்யே சொல்லியிருக்காக. இன்னைக்கே போ."

சீப்புச்சீடைக்கு இங்கே அச்சு இல்லை. ஊறப்போட்டிருந்த அரிசியும் உளுந்தும் இருந்தன. வெள்ளைப் பணியாரம் ஊற்றினேன். காரச் சட்னியை விட்டுவிட்டு, சீனியை ஒரு கிண்ணத்தில் வைத்தேன். ஜோவிட்டா தட்டை மூட ஒரு துணி எடுத்துத் தந்தாள்.

"அவங்களும் பொய் சொன்னதைச் சாமியார்கிட்டச் சொல்லுவாங்களா?"

"தெரியலடா. நாம கேக்க வேணாம்."

தெருவைக் கடந்து போய்த் தட்டினோம். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தட்டியதும் அது நின்றது. யாரும் வரவில்லை. சன்னல் திரையின் ஓரம் மிக லேசாக அசைந்து நின்றுவிட்டது. அந்த அமைதியை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

நான் இன்னொரு முறை தட்டவில்லை. திரைக்கு நேராக நகர்ந்து, கையில் இருப்பது கோப்பு அல்ல என்று தெரியும்படி துணியை விலக்கித் தட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

"நான்தான், நோரா" என்றேன். "எதிர்வீட்டு ரெஜினா."

உள்ளே சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.